ஒரு பவுண்டு தானியமும் ஒருசந்தியும்

முதல் உலகப்போர்க் காலத்தில் மோட்டார் சாலை திறக்கப்படும்வரை, கொடைக்கானலுக்கு ஏறுவோர் பெரியகுளம் பக்கத்து அடிவாரமாகிய கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பிலிருந்து மலைப்பாதை வழியே ஏறினர். ஏறினர் என்பதைக் காட்டிலும் ஏற்றப்பட்டனர் என்பதே பலருக்குப் பொருந்தும். 1845-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர் மலைமேல் முதல் இரு வீடுகளைக் கட்டிய நாள் தொட்டு, வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சி மேலே வந்த வெள்ளையரும், அவர்தம் குழந்தைகளும், பெட்டிகளும், பியானோக்களும்கூட மனிதத் தோள்களின்மீதே வந்தன. நம் சேசு சபைத் தந்தையரும் அம்மலையை நாடியவர்களே. தந்தை லூயி சேன்-சீர் 1866-இல் எழுப்பிய சலேத் மாதா ஆலயத்தின் கல்லும் மரமும் மனித உழைப்பாலன்றி அந்த உச்சியில் நின்றிருக்க வழியில்லை. 1895-இல் செண்பகனூரில் எழுந்த திரு இருதயக் கல்லூரியின் கதையும் அதுவே.

மலையின் வரலாற்றை எழுதியோர் யார் வந்தார், என்ன கட்டினார் என்பதை ஆண்டு வாரியாகக் குறித்து வைத்துள்ளனர். சுமந்தவன் அன்று காலை என்ன உண்டான் என்பதைக் குறித்தவர் அரிது. அதை நாமே ஓரளவு கணக்கிட்டுப் பார்க்கலாம்.

ஐம்பது கிலோ எடையுள்ள ஓர் உழைப்பாளி இருபது கிலோ சுமையோடு முழுவழியும் ஏறுகிறான் என்று கொள்வோம். அடிவாரத்திலிருந்து ஊர்வரை உயரம் ஏறத்தாழ 1700 மீட்டர். எழுபது கிலோவை அவ்வளவு உயரம் தூக்குவதற்குரிய வேலை 280 கலோரி அளவே ஆகும். (நாம் நாளும் கலோரி என்று சொல்வது அறிவியலார் கிலோகலோரி என்பதையே.) ஆனால் தசை என்னும் இயந்திரம் எரிப்பதில் நான்கில் ஒரு பங்கையே வேலையாக மாற்றும், எஞ்சியது வெப்பமாகப் போய்விடும். ஆகவே ஏற்றத்திற்கு மட்டும் 1100 கலோரி செலவாகும். அவன் பாயில் அசையாது படுத்திருந்தாலும் இதயம் துடிக்கவும் மூச்சு ஓடவும் உடற்சூடு நிலைக்கவும் நாளொன்றுக்கு 1200 முதல் 1300 கலோரி வேண்டும். இதைத்தான் அடிப்படை வளர்சிதை மாற்றம் என்கிறோம். இரண்டையும் கூட்டினால் 2300-ஐத் தாண்டுகிறது; இறங்கி வீடு திரும்பும் செலவு இன்னும் சேரவில்லை. ஒரு பவுண்டு அரிசியில் உள்ளதோ 1560 கலோரி.

ஒரு பவுண்டு என்னும் அளவை நாம் வேண்டுமென்றே எடுத்தோம். 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் சிதைந்தபோது மதுரை மாவட்டமும் அதில் சிக்கியது. வைசிராய் லிட்டன் பிரபு, செலவைக் கட்டுப்படுத்தும் பொருட்டு, சர் ரிச்சர்ட் டெம்பிளை 1877 தொடக்கத்தில் தெற்கே அனுப்பினார். சில ஆண்டுகளுக்கு முன் பீகார்ப் பஞ்சத்தில் தாராளமாகச் செலவிட்டார் என்று பழி சுமந்தவர் டெம்பிள். இம்முறை அந்தப் பழியைத் துடைக்க நினைத்தார் போலும்! நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் அதன்மேல் சிறு காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். அதுவரை கணக்கு ஒன்றரைப் பவுண்டாக இருந்தது. மாகாணச் சுகாதார ஆணையராயிருந்த டாக்டர் கார்னிஷ் இதை வன்மையாக எதிர்த்தார். மண் வெட்டுபவனின் உடல் இந்த அளவில் நில்லாது என்பதே அவர் வாதம். மனிதவுடல் எவ்வளவு குறைவில் வாழும் என்று பஞ்ச காலத்தில், அதுவும் ஏழையின் வயிற்றில், இரு அதிகாரிகள் காகிதச் சண்டை நடத்தினர். சில திங்கள் கழித்துச் சென்னை அரசு கூலியை மீண்டும் உயர்த்தியது. அதற்குள் நிவாரண முகாம்களில் நிகழ்ந்ததை வில்லியம் டிக்பி 1878-இல் இரு பெரிய தொகுதிகளாக எழுதி வைத்தார்.

டெம்பிள் எழுப்பிய கேள்வியை நாம் எளிதில் தள்ளிவிடுவதற்கில்லை. உணவு குறைந்தால் உடல் தன் செலவைக் குறைத்துக்கொள்ளுமா? குறைத்துக்கொள்ளும். எந்த அளவு, எந்த விலைக்கு என்பதை அறிய மேலும் நூறாண்டு ஆயிற்று. அக்கதையில் நம்மவர் இடமும் உண்டு.

இக்கதைக்குப் பழைய முன்னுரை ஒன்றும் இருக்கிறது. வெனிஸ் நாட்டுச் செல்வர் லூயிஜி கொர்னாரோ, இளமையில் அளவின்றி உண்டு குடித்து நோயாளியாகி, மருத்துவர் சொற்கேட்டு உணவை நாளொன்றுக்குப் பன்னிரண்டு அவுன்ஸாகவும் திராட்சை இரசத்தைப் பதினான்கு அவுன்ஸாகவும் சுருக்கிக்கொண்டார். உறவினர் வற்புறுத்தலால் இரண்டிலும் இரண்டிரண்டு அவுன்ஸ் கூட்டியபோது மீண்டும் நோயுற்றதாக அவரே எழுதுகிறார். அவரது நூல் 1558-இல் பதுவையில் வெளிவந்தது. அதை இலத்தீனில் பெயர்த்துத் தம் நூலோடு 1613-இல் வெளியிட்டவர், லூவேன் நகரின் புகழ்பெற்ற இறையியலாரும் சேசு சபைத் துறவியுமான லெசியுஸ். அருள், முன்னறிவு முதலிய கடினமான வாதங்களில் அவர் பெயரைக் குருமடத்தில் கேட்டிருக்கிறோம். மிதவுணவைப் பற்றியும் அவர் எழுதினார் என்று அங்கு எவரும் சொல்லவில்லை!

அதே காலத்தில் நம் மதுரையில், 1606-இல் வந்து சேர்ந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நோபிலி, புலாலும் மதுவும் நீக்கி, சோறும் காய்கறியும் பாலுமாக நாளுக்கு ஒரு வேளை உண்டு வாழ்ந்தார். நம் முன்னோர் தவக்கால நோன்புக்கு ஒருசந்தி என்று பெயரிட்டதும் இம்மரபை ஒட்டியதே. கொர்னாரோ நலம் கருதிக் குறைத்தார். தத்துவ போதகர் நற்செய்தி கருதிக் குறைத்தார். பஞ்சத்தில் அகப்பட்டவனோ தானாக எதையும் குறைக்கவில்லை, அவனுக்குக் குறைக்கப்பட்டது. உடல் இந்த வேறுபாட்டை அறியாது. மூவரிடத்தும் அது ஒரே கணக்கையே போடும்.

அந்தக் கணக்கை முதலில் தராசில் வைத்தவர் பதுவைப் பேராசிரியர் சாந்தோரியோ. தொங்கும் நாற்காலி ஒன்றில் அமர்ந்தே உண்டு, உண்டதையும் கழித்ததையும் பல்லாண்டுகள் நிறுத்து, எட்டுப் பவுண்டு உட்கொண்டால் ஐந்து பவுண்டு கண்ணுக்குப் புலனாகாமல் உடலைவிட்டுப் போகிறது என்று 1614-இல் எழுதினார். அது எங்கே போகிறது என்பதை விளக்கப் பிரான்சு நாட்டு லவுவாசியே வரவேண்டியிருந்தது. உயிர்ப்பு என்பது மெதுவாய் நிகழும் ஓர் எரிதலே என்று 1780-களில் காட்டிய அவரைப் புரட்சியாளர் 1794-இல் கொன்றனர்.

மிதமான குறைப்பை முறையாக ஆராய்ந்த பெருமை அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கார்னகி நிறுவன உணவாய்வுக்கூடத்தை நடத்திய பிரான்சிஸ் பெனடிக்டுக்கு உரியது. 1917-இல், போர்க்கால உணவுத் தட்டுப்பாட்டை மனத்திற்கொண்டு, ஸ்பிரிங்ஃபீல்டு நகர ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியின் நலமிக்க மாணவர் சிலரின் உணவைப் பாதியளவிற்குச் சுருக்கி, அவர்கள் எடையில் பத்தில் ஒரு பங்கிற்குச் சற்று மேலாகக் குறையும்படி செய்தார். பிறகு அந்த எடையிலேயே அவர்களை நிறுத்திவைக்க எவ்வளவு உணவு வேண்டுமென்று பார்த்தார். முன்பு உண்டதைவிட மிகக் குறைவான உணவே போதுமாயிற்று. நாடித்துடிப்பு தாழ்ந்தது, இரத்த அழுத்தம் இறங்கியது, கைகால் குளிர்ந்தது. எடை குறைந்த அளவைக் காட்டிலும் மிகுதியாக உடல் தன் செலவைச் சுருக்கிக்கொண்டது என்பதே 1919-இல் அச்சான அவரது நூலின் செய்தி. பாடம் படிக்கவும் நடமாடவும் மாணவரால் முடிந்தது. ஆனால் அவர்கள் குளிரை உணர்ந்தனர், உற்சாகம் குன்றினர்.

இதே பெனடிக்டோடு இணைந்து சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியின் ஆசிரியை எலினார் மேசன் தென்னிந்தியப் பெண்களின் அடிப்படை வளர்சிதை மாற்றத்தை அளந்து 1931-இல் வெளியிட்டார். அமெரிக்க அளவுகோலின்படி எதிர்பார்த்ததைவிட நம் பெண்களின் செலவு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவாயிருந்தது. இது இனத்தின் இயல்பா, வெப்பத்தின் விளைவா, தலைமுறை தலைமுறையாய் அளந்துண்ட வாழ்வின் விளைவா என்று நெடுநாள் வாதம் நடந்தது. நீலகிரியில் குன்னூரில் மக்காரிசன் தொடங்கிய உணவாய்வுக்கூடமும் தென்னிந்தியர் தட்டில் என்ன இல்லை என்று அக்காலத்தில் தேடிக்கொண்டிருந்தது. அக்கூடமே 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து பின்னாளில் தேசிய உணவூட்ட நிறுவனமாயிற்று.

குறைத்தல் எல்லை மீறினால் என்னாகும் என்பதை 1945-இல் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் கண்டார். ஆயுதமேந்த மனச்சான்று இடங்கொடாத முப்பத்தாறு இளைஞர், அவருள் பலர் சமாதானத் திருச்சபைகளைச் சேர்ந்தோர், போரில் பட்டினி கிடந்த ஐரோப்பியரைத் தேற்றும் வழி அறிவதற்காகத் தம் உடலைத் தாமே முன்வந்து ஒப்படைத்தனர். இருபத்துநான்கு வாரம், நாளொன்றுக்கு ஏறத்தாழ 1600 கலோரி. இந்த எண்ணைக் கண்டபோது டெம்பிளின் ஒரு பவுண்டு நம் நினைவிற்கு வந்தது. அவர்கள் எடையில் நான்கில் ஒரு பங்கு போயிற்று. அடிப்படைச் செலவு நூற்றுக்கு நாற்பது அளவு வீழ்ந்தது. இச்சுருக்கத்தின் பெரும்பகுதி, எரிக்கும் தசையே கரைந்து போனதால் வந்தது. எஞ்சிய சிறுபகுதியே உடல் உண்மையில் சிக்கனம் பிடித்ததால் வந்தது. அந்த இளைஞர் சமையற் புத்தகங்களை மனப்பாடம் செய்வதுபோல் வாசித்தனர், நகைப்பை மறந்தனர், நடப்பதற்கே சலித்தனர். எலும்பும் தோலுமாய் நிவாரண வேலையில் மண் சுமந்தவர் இதைச் சொல்லியிருப்பர். கேட்டு எழுதுவார் இல்லை.

இந்த அறிவெல்லாம் கைவந்த பின்பும் நம் நாட்டில் டெம்பிளின் வாதம் வேறு உருவில் திரும்பி வந்தது. 1980-களில் புள்ளியியல் மேதை பி. வி. சுகாத்மே, மனிதவுடல் உட்கொள்ளும் அளவுக்கேற்பத் தன்னைப் பாதிப்பின்றி இசைவித்துக் கொள்ள வல்லது. ஆகவே வறியோரின் உணவுக் குறைபாட்டை நாம் மிகைப்படுத்திக் கணக்கிடுகிறோம் என்றார். சிறுத்த உடலும் நலமான உடலே என்று டேவிட் செக்லர் என்னும் அமெரிக்கப் பொருளியலார் அதற்கு வலுச்சேர்த்தார். இவர்களை எதிர்த்து உறுதியாக நின்றவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். ஐதராபாத் நிறுவனத்தை வழிநடத்தியவர் அவர். சிறுமை நலமென்றால் அது செல்வர்க்கு ஏன் பொருந்தாது, ஏழைக்கு மட்டும் ஏன் என்று அவர் கேட்டார். சுகாத்மே ஏழைக்குத் தீங்கு எண்ணியவர் என்று நாம் கருதவில்லை. எனினும் ஒருவரின் எண்ணம் எதுவாயினும், அவர் எண்கள் கூலியைத் தீர்மானிக்கும் மேசைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகின்றன.

வாதத்தை அளவீட்டின் பக்கம் திருப்பியதில் இந்திய ஆயர் பேரவை 1963-இல் தொடங்கிய பெங்களூர்த் தூய யோவான் மருத்துவக் கல்லூரிக்குப் பங்குண்டு. பிரகாஷ் ஷெட்டியும் அவர் உடன் ஆய்வாளரும் அங்கு நெடுநாள் குறையூட்டத்தில் வாழ்ந்த மக்களின் வளர்சிதை மாற்றத்தை அளந்தனர். மொத்தச் செலவு குறைவுதான். ஆனால் குறைவின் பெரும் காரணம் உடலே சிறுத்திருத்தல். ஒவ்வொரு கிலோ தசையும் அதிசயச் சிக்கனத்தோடு இயங்குகிறது என்பதற்குத் தெளிவான சான்று கிட்டவில்லை. குறைவாக உண்பவன் குறைவாகவே உழைக்க முடிகிறது, குறைவாகவே வளர முடிகிறது. இலவசமான இசைவு என்று ஒன்றில்லை.

இனிப் பழனி மலையின் இன்றைய நிலைக்கு வருவோம். சேசு சபைக் குரு தாமென், ஆந்த்ரோபோஸ் ஆய்விதழில் 1908-இல் எழுதிய கட்டுரையில் அறிமுகப்படுத்திய பளியர், காட்டுக் கிழங்கும் தேனும் தேடி நாள் முழுதும் நடந்தவர்கள். பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கத்து உழவர் சாமையும் கேழ்வரகும் உண்டு ஏற்ற இறக்கத்தில் உழைத்தவர்கள். இன்று அதே மலையில் நியாய விலைக்கடை அரிசியும், தொலைக்காட்சியும், இருசக்கர வண்டியும் வந்துவிட்டன. பழைய சுமைப்பாதையில் இன்று நடப்பவர் பொழுதுபோக்காக மலையேறும் நகரத்தாரே. நீரிழிவு முன்பு நகரத்துச் செட்டிலார் நோய் என்று பேசப்பட்டது. இன்று நாம் நற்கருணை எடுத்துச் செல்லும் சிற்றூர் வீடுகளிலும் மாத்திரைப் பெட்டி தென்படுகிறது. ஒரு தலைமுறை பசியில் சுருங்கிய உடல், அடுத்த தலைமுறையில் மிகையைத் தாங்க இயலாது தத்தளிக்கிறது. தோற்றத்தில் மெலிந்தவராயினும் வயிற்றுள்ளும் ஈரலிலும் கொழுப்பு சேர்ந்திருப்பது நம் நாட்டவர்க்கு இயல்பாகக் காணப்படுகிறது என்று மருத்துவர் கூறுகின்றனர்.

இத்தகையோர் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு குறைத்தால் என்ன நேரும்? நன்மை முதலில் ஈரலில் தொடங்குகிறது. அங்குள்ள கொழுப்பு விரைவில் கரைவதால் இன்சுலின் மீண்டும் வேலை செய்யத் தொடங்குகிறது. இரத்தக் கொழுப்பும் அழுத்தமும் தாழ்கின்றன. கூடவே பெனடிக்ட் கண்ட சுருக்கமும் நேர்கிறது. 1994-இல் கண்டறியப்பட்ட லெப்டின் என்னும் சுரப்பு, கொழுப்பு குறையும்போது தானும் குறைந்து, இருப்பு இறங்குகிறது என்று மூளைக்கு அறிவிக்கிறது. தைராய்டின் செயல் சற்றே தணிகிறது, தசை குறைந்த எரிபொருளில் அதே வேலையைச் செய்கிறது, பசியோ கூடுகிறது. நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தார் 1995-இல் வெளியிட்ட ஆய்வு, பத்துப் பங்கு எடை குறைந்தோரின் நாட்செலவு, சிறுத்த உடலுக்கு எதிர்பார்க்கத்தக்கதைவிடவும் குறைந்ததைக் காட்டியது. எடை கூடியோரிடம் செலவு கூடியதையும் அதே ஆய்வு காட்டிற்று.

இதை அறியாமல் நம் மக்கள் மனமுடைவதைப் பார்க்கிறோம். தவக்காலத்தில் உணவைக் குறைத்து ஐந்து கிலோ இறங்கியவர், பின்பு அதே உணவிலும் எடை அசையவில்லையே, நம்மிடம் ஏதோ குறை என்று எண்ணிப் பழைய தட்டுக்கே திரும்பிவிடுகிறார். இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாட்செலவு இருபது கலோரிக்குச் சற்று மேலாகக் குறைகிறது என்று தோராயமாகச் சொல்லலாம். ஐந்து கிலோவுக்கு நூறு கலோரிக்கு மேல், அதாவது ஒரு சிறு கரண்டிச் சோறு. எடை நின்றது மனவுறுதி தளர்ந்ததால் அன்று. குறைந்த வரவும் குறைந்த செலவும் ஒன்றுக்கொன்று ஈடாகிவிட்டதால்தான். அந்த இடத்தில் நிலைத்திருப்பதே பெரும் வெற்றி என்று மருத்துவர்களே கருதுகின்றனர்.

சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஆறுதலானது. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்றாண்டுவரை தொடர்ந்து கவனித்தனர். வழக்கமான பொது அறிவுரை மட்டும் தரப்பட்ட பிரிவில் நூற்றுக்கு 55 பேர் நோயாளியாயினர். தீட்டிய தானியத்தையும் சர்க்கரையையும் எண்ணெயையும் குறைத்து நாளும் நடந்த பிரிவில் அது 39-ஆகக் குறைந்தது. இவர்களின் எடையோ சொல்லத்தக்கவாறு குறையவேயில்லை! அமெரிக்காவில் 2002-இல் வெளியான இதுபோன்ற ஆய்வில் எடைக்குறைவே பெருங்காரணமாகக் காணப்பட்டது. நம்மவரிடத்தில் தராசு முள் அசையாமலே உள்ளே மாற்றம் நிகழ்ந்தது. திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் மூலிகையின் பெயர் ஒன்றேனும் இல்லை, உணவின் அளவும் காலமுமே பெரிதும் பேசப்படுகின்றன என்று தமிழாசிரியர் ஒருவர் முன்பு நமக்குச் சொன்னது இங்கு நினைவுக்கு வருகிறது.

நோன்பு பற்றி நம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறோம். ஒருசந்திக் கடமை பதினெட்டு வயது நிரம்பியோர்க்கு, அறுபதாம் வயது தொடங்கும்வரை மட்டுமே. நோயாளரையும் கர்ப்பிணிகளையும் அது கட்டாது. இன்சுலின் ஊசி போடுவோரும், சர்க்கரையைக் கடிதாக இறக்கும் மாத்திரை உண்போரும் காலை உணவைத் தவிர்த்தால் இரத்தச் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்து மயக்கம் வரக்கூடும். சாம்பல் புதனுக்கு முன்பே மருத்துவரிடம் சென்று, மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொள்க. நாள் முழுதும் சுமை தூக்கியும் மண்வெட்டியும் பிழைப்போர் நம்மிடம் வந்து ஒருசந்தி பிடிக்கலாமா என்று கேட்டால், வேலையில்லா நாளுக்கு அதை மாற்றிக்கொள்ளுமாறே நாம் சொல்லி வருகிறோம்.